பயிற்சிக்குப் போய் வந்தால் நாலு நாள்தான் தாங்குகிறது. ஆலை, தொழில் நடத்துகிறவர்கள் உங்களை எப்படி ஓட்டிக்கொள்கிறீர்கள்?

கேள்வி: நீடாமங்கலம் ஆலை

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் புழுங்கல் அரிசி ஆலை நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்தது. அவர் காலத்தில் களத்தில் காயப்போட்டு அரைத்தார்கள். இப்போது டிரையர், கலர் சார்ட்டர் எல்லாம் வந்துவிட்டது. ஆண்கள், பெண்கள் சேர்த்து முப்பது பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். கடன் கட்டுக்குள் இருக்கிறது, சரக்கு தேங்கவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் கொஞ்ச காலமாகவே காலையில் வண்டியை எடுத்து ஆலைக்குப் போக மனம் வருவதில்லை. நாற்பதைத் தாண்டி இப்போதுதான் ஒரு வருஷம். அதற்குள் இப்படியா என்று பயமாக இருக்கிறது.

திருச்சியில் ஒரு ஓட்டலில் தொழிலதிபர்களுக்கென்று நடந்த ஊக்கப் பயிற்சிக்குப் போனேன். அதற்கு முன் தஞ்சாவூரிலும் ஒன்று. பேசியவர்கள் நன்றாகவே பேசினார்கள். இலக்கை எழுதி நிலைக்கண்ணாடியில் ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினேன். விடியற்காலையில் எழச் சொன்னார்கள், எழுந்தேன். திரும்பி வந்ததும் ஆலையில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினேன். மனசாரக் கைதட்டினார்கள். நாலு நாள் போனதும் எல்லாம் பழையபடி.

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். "லாரி வந்து நிக்குது, ஈரம் 19 காட்டுது, எறக்கவா?" "ரப்பர் ரோலர் தேஞ்சு போச்சு, புதுசு மாட்டவா, இன்னைக்கு ஒருநாள் ஓட்டிடவா?" "கும்பகோணம் கடைக்காரர் 26 கிலோ பை பத்து சேத்துக் கேக்குறார், ஏத்தவா?" "பாய்லருக்கு உமி தள்ளுற ஆள் வரல, யாரை விடறது?" சாப்பிட உட்கார்ந்தாலும் போன், கோயில் வாசலில் நின்றாலும் போன். குறுவை அறுப்பு வந்துவிட்டால் தூக்கமே கிடையாது. சம்பா, தாளடி வரத்து தை, மாசியில் வரும், அப்போதும் அதே கதைதான்.

சொந்தப் பெயரில் பை போட வேண்டும், பாரம்பரிய நெல் அரைக்கத் தனியாக ஒரு சின்ன லைன் போட வேண்டும் என்று ஆசை இருக்கிறது. அதைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கத் தெம்பில்லை. தியானம் பண்ணு, நடைப்பயிற்சி போ என்பதைத் தாண்டி, நீங்கள் நிஜமாகவே செய்து பார்த்தது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

மறுமொழி: கும்பகோணம் பாத்திரக்கடை

நடைப்பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள் சார், அது தேவைதான்.

பயிற்சி வீண் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் தனியாகப் போனதுதான் விஷயம். நீங்கள் இரண்டு நாள் கேட்டதை ஆலையில் இருப்பவர்கள் பத்து நிமிஷத்தில் கேட்டார்கள். அடுத்த முறை உங்கள் மேஸ்திரியையும் கணக்குப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வரும் வழியில் காரில் பேசுவீர்கள் பாருங்கள், அதற்கே கொடுத்த பணம் தகும்.

இன்னொன்று. இங்கே நாங்கள் சில பேர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். பாத்திரம், ஜவுளி, மருந்துக்கடை, திருபுவனத்தில் பட்டு வைத்திருக்கும் ஒருவர், பால் பண்ணை ஒருவர். ஒரே தொழிலில் இரண்டு பேர் கூடாது, சொந்தக்காரர்கள் கூடாது. ஒவ்வொருவரும் அந்த மாதம் தன்னைத் தூங்கவிடாத ஒரு விஷயத்தைக் கணக்கோடு சொல்ல வேண்டும். மற்றவர்கள் முதலில் கேள்விதான் கேட்கலாம், அறிவுரை அப்புறம்தான். முதலாளிக்கு மனசு விட்டுப் பேச ஆள் கிடையாது. வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள், வேலைக்காரர்களிடம் சொல்ல முடியாது, போட்டிக்காரனிடம் சொல்லவே முடியாது. மன்னார்குடி, திருவாரூர் பக்கம் உங்களுக்கு நாலு பேர் கிடைக்கமாட்டார்களா?

மறுமொழி: பேராவூரணி மஞ்சி மில்

தம்பி, உங்களுக்கு ஊக்கம் வற்றிவிட்டது என்று நான் நம்பவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அந்த நாலு போனைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நாலுமே கேட்டவருக்கே பதில் தெரிந்த கேள்விகள். ரோலர் இன்னும் ஒரு நாள் தாங்குமா என்று அதை ஓட்டுகிறவரைவிட உங்களுக்கா தெரியும்? அடுத்தவர் எடுக்க வேண்டிய முடிவை நாள் முழுக்க நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தால், உங்கள் முடிவை எடுக்க உங்களிடம் என்ன மிச்சம் இருக்கும்? காலையில் வண்டி எடுக்க மனம் வராததில் ஆச்சரியமே இல்லை.

பேராவூரணிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் எங்களுக்கு மஞ்சி மில். தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கிறோம், அப்போது உதிரும் தூளை, பித்து என்போம், அதைக் கழுவிக் காயவைத்துக் கட்டியாக அழுத்தி அனுப்புகிறோம். வீட்டுக்காரர் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார், மில் என் பொறுப்பு.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. மின்கம்பங்கள் விழுந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் டவரும் போய்விட்டது. ரோடெல்லாம் மரம். எங்கள் வீட்டிலிருந்து மில்லுக்குப் போய்ச் சேரவே சில நாள் ஆகிவிட்டது. போகிற வழியெல்லாம் மனசுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டே போனேன். மோட்டாரைக் கழற்றச் சொல்ல வேண்டும், பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கச் சொல்ல வேண்டும், நனையாத மஞ்சிக் கட்டுகளைத் தனியாக எடுக்கச் சொல்ல வேண்டும் என்று.

போய்ப் பார்த்தால் எல்லாம் நடந்திருக்கிறது. கூரை பறந்த ஷெட்டில் மெஷின் மேல் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கல் வைத்திருந்தார் மேஸ்திரி. மோட்டாரைக் கழற்றி, வைண்டிங்கில் இருக்கும் ஈரம் போகட்டும் என்று கயிற்றுக் கட்டில் மேல் வெயிலில் வைத்திருந்தார். கட்டிலில் ஏன் என்றேன். தரையில் வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும், கட்டிலில் கீழேயும் காற்று போகும் என்றார். இது எனக்குத் தோன்றியே இருக்காது. வேலைக்கு வரும் பெண்களில் வீடு போனவர்கள் யார் யார் என்று விசாரித்து, எங்கள் குடோனிலேயே தங்கச் சொல்லியிருந்தார்.

அதே மேஸ்திரி அதற்கு முன்னால் ஒரு நட்டு வாங்குவதற்குக்கூட என்னைக் கேட்பவர். எனக்கு அன்றைக்கு விளங்கியது இதுதான். அவர் தெரியாமல் கேட்கவில்லை. நாளைக்கு ஏதாவது தப்பாகிவிட்டால் பேச்சு வாங்கக்கூடாது, அதற்காகக் கேட்டார். போன் இல்லாத அந்த நாட்களில் கேட்க ஆளில்லை, ஏன் செய்தாய் என்று கேட்கவும் ஆளில்லை. கை தானாக வேலை செய்தது.

அப்புறம் ஒரு சாதா நோட்டு வாங்கினேன். என்னிடம் வரும் கேள்வியையெல்லாம் யார் கேட்டார்கள், என்ன பதில் சொன்னேன் என்று அப்படியே எழுதி வந்தேன். எதையும் மாற்றவில்லை. கொஞ்ச நாள் கழித்து சாயங்காலம் மேஸ்திரியை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். "இதுக்கு நான் சொல்லாட்டி நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டேன். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நான் சொன்ன பதிலையே சொன்னார். சிலவற்றுக்கு என்னைவிட நல்ல பதில். அதையெல்லாம் அன்றைக்கே அவர் பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

இங்கேதான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள் தம்பி. பொறுப்பைக் கொடுத்தாயிற்று என்று நினைக்கிறோம். வேலையை ஒப்படைப்பது சுலபம். தப்பு நடந்தாலும் உன்னை நிற்கவைத்துக் கேட்கமாட்டேன் என்பதையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும், கஷ்டம் அதில்தான். அதை வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். முதல் தப்பு நடக்கும்போதுதான் தெரியும்.

எங்களுக்கும் நடந்தது. ஒரு லாரி மட்டையை மேஸ்திரி பார்த்து இறக்கினார். மேலே இருந்ததெல்லாம் நல்ல மட்டை, அடியில் பழசு, கறுத்துப்போனது. அடித்தால் நார் துண்டு துண்டாக வருகிறது. நான் போனபோது ஷெட்டில் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்கள். மட்டையைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை, அம்மா என்ன சொல்லப்போகிறது என்பதுதான் அங்கே விஷயம். எனக்கு வயிறு எரிந்தது உண்மை. ஆனாலும், "அடுத்த லோடுல இதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "அடிலேர்ந்து நாலு மட்டைய உருவி வெட்டிப் பாத்துட்டுத்தாம்மா கதவத் தொறக்கச் சொல்லுவேன்" என்றார். இன்றைக்கு வரைக்கும் எங்கள் மில்லில் அதுதான் வழக்கம். அன்றைக்குப் பிறகு மில்லிலிருந்து வரும் போன் பாதியாகக் குறைந்தது, மேஸ்திரியுடையது மட்டுமில்லை, எல்லோருடையதும்.

உங்கள் ஆலைக்கு வருகிறேன். அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். மழை அடிக்கும் வருஷத்தில் டெல்லியில் அனுமதி வாங்கித் தளர்த்துகிறார்கள். அளவு இருப்பதால்தான் அங்கே இருக்கும் எழுத்தர் ஒவ்வொரு சிப்பத்துக்கும் சென்னைக்குப் போன் போடாமல் வேலை பார்க்கிறார். அதே மாதிரி நீங்களும் எழுதி ஒட்டுங்கள். 17 வரை மேஸ்திரியே இறக்கலாம். அதற்கு மேல் 20 வரை ஒவ்வொரு சதத்துக்கும் இவ்வளவு விலை குறைத்து இறக்கலாம். 20 தாண்டினால் உங்களைக் கேட்க வேண்டும். உதிரி பாகத்துக்கு ஒரு தொகை வையுங்கள், 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கேள்வியே கிடையாது, பில் மட்டும் வர வேண்டும்.

சரி, போன் குறைந்த பிறகு அந்த நேரத்தில் என்ன செய்வது? இதைக் கட்டாயம் முன்னாலேயே முடிவு பண்ணிவிடுங்கள். இல்லாவிட்டால் கை நமநமத்து நீங்களே போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

நான் படிக்கப் போனேன். தஞ்சாவூரில் காயர் போர்டு பயிற்சி இருக்கிறது. அங்கேதான் பித்தில் உப்பு அளப்பது பற்றித் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டில் செடி வளர்க்க வாங்குகிறவர்கள் உப்பு குறைந்த பித்துதான் கேட்பார்கள். மீட்டரில் 0.5க்குக் கீழே வர வேண்டும். எங்கள் பக்கம் கடலோர மண், உப்பு சீக்கிரம் இறங்காது. நல்ல தண்ணீர் விட்டு, வடியவிட்டு, மறுபடி விட்டு, எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று தொட்டி தொட்டியாகப் பார்த்தோம். மீட்டர் 0.4 காட்டிய அன்றைக்கு நானும் அங்கே வேலை செய்யும் பெண்களும் அந்த மீட்டரைக் கை மாற்றி மாற்றிப் பார்த்தோம். அந்த ஒரு வருஷம் முழுக்க மில்லுக்குப் போக எனக்கு யாரும் உற்சாகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மட்டை விலை ஏறிக் கிடந்த காலம், நாரில் ஒன்றும் நிற்கவில்லை, பித்துதான் எங்களைத் தூக்கி நிறுத்தியது.

உங்கள் தொழிலுக்கென்றே தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்கென்று தொடங்கி வளர்ந்தது அது. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் மாதிரிச் சிவப்பு அரிசியை வெள்ளை அரிசி மாதிரித் தீட்டினால் நிறமும் போகும், சத்தும் தவிட்டோடு போகும். எவ்வளவு தீட்ட வேண்டும், எவ்வளவு நேரம் ஊறவைத்து அவிக்க வேண்டும் என்று அங்கே போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அது நீங்கள் மட்டும் செய்யக்கூடிய வேலை. மேஸ்திரி செய்ய முடியாது.

மறுமொழி: திருவாரூர், ஓய்வுபெற்ற வங்கிக்காரன்

அம்மா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஆலைகளுக்குக் கடன் கொடுத்தே என் சர்வீஸ் போயிற்று.

ஒன்று, உங்களுக்கு நீங்களே மாதச் சம்பளம் போட்டு எடுங்கள். டெல்டாவில் பல முதலாளிகள் கல்லாவிலிருந்து தேவைப்பட்டபோது எடுக்கிறார்கள். சீசனில் பணக்காரராகவும், வைகாசி, ஆனியில் கடன்காரராகவும் உணர்கிறார்கள். மனசு தளர்வதற்கு அதுவும் ஒரு காரணம். உழைப்புக்கு இவ்வளவு வந்தது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

இரண்டு, கைதட்டல் நாலு நாளில் ஓய்ந்ததாகச் சொன்னீர்கள். ஆலை வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். நேற்று எத்தனை கிலோ நெல் போட்டோம், எத்தனை கிலோ அரிசி வந்தது, குருணை எவ்வளவு. அரசு அரவைக்குப் புழுங்கலில் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி கேட்கிறார்கள். உங்கள் ஆலையில் எவ்வளவு வருகிறது என்று டிரையர் பார்ப்பவருக்குத் தெரியுமா? பதமாகக் காயாமல் அரைத்தால் குருணை கூடும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் குருணை எவ்வளவு என்று தினமும் அவரே எழுதட்டும். பேச்சைவிட அந்தப் பலகை வேலை செய்யும்.

நீடாமங்கலம் ஆலை (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை வீட்டில் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். நோட்டு போட்டுவிட்டேன்.

ஒரு சிக்கல். எங்கள் மேஸ்திரி அப்பா காலத்து ஆள், அறுபது வயது ஆகிறது. என்னைத் தூக்கி வளர்த்தவர். அப்பா மாதிரியே அவரும் கை நிறைய நெல்லை அள்ளி, தேய்த்து ஊதி, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் காய்ந்த நெல், நசுங்கினால் ஈரம். மீட்டரும் அவரும் ஒரு சதத்துக்கு மேல் வித்தியாசப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர், "நீங்களே எறக்கிக்குங்க" என்று சொன்னால், "எனக்கெதுக்கு தம்பி பொல்லாப்பு, நீ சொல்லு, செஞ்சிர்றேன்" என்கிறார். இவரிடம் எப்படி ஆரம்பிப்பது?

மறுமொழி: திருத்துறைப்பூண்டிக்காரன்

பாரம்பரிய நெல் என்று எழுதியதால் வந்தேன். பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்துப் பரப்பிய நம் ஊர்க்காரர் நெல் ஜெயராமன் செய்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எப்படி நடு, எந்த வயலில் போடு என்று பின்னாலேயே போய்க் காவல் காக்கவில்லை. 2018 டிசம்பரில், கஜா அடித்து மூன்று வாரத்தில், அவர் போய்ச் சேர்ந்தார். விதை அவருடைய குடோனில் மட்டும் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஊர் ஊராக விவசாயிகள் கையில் இருந்தது. திருவிழாவும் அவருக்குப் பிறகு நடந்தது.

உங்கள் ஆலையில் சின்ன லைன் போட்டால் சொல்லுங்கள். எங்கள் பக்கம் தூயமல்லி, கருப்புக் கவுனி போடுகிறவர்கள் அரைப்பதற்கு ஆலை தேடி வெகுதூரம் அலைகிறார்கள்.

மறுமொழி: பேராவூரணி மஞ்சி மில்

தம்பி, அவர் பொல்லாப்பு என்று சொல்வது நியாயம்தான். அத்தனை வருஷம் பார்த்துவிட்டார் அல்லவா, நல்லது நடந்தால் முதலாளி பெயர், கெட்டது நடந்தால் மேஸ்திரி பெயர் என்று. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். நெல் தரகரும் லாரிக்காரர்களும் நிற்கும்போது, "நெல்லு விஷயத்துல இனிமே மாமா சொல்றதுதான், எங்கிட்ட வராதீங்க" என்று சொல்லுங்கள். மாமா என்பீர்களோ அண்ணன் என்பீர்களோ, உங்கள் வழக்கப்படி. தரகர் மேஸ்திரியைத் தாண்டி உங்களுக்குப் போன் போட்டால் எடுக்காதீர்கள். ஒரு தடவை எடுத்தாலும் மேஸ்திரியின் மரியாதை போய்விடும், அப்புறம் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தலையில் ஏற்றாதீர்கள். நெல் பார்ப்பது அவருக்குப் பெருமையான வேலை, அதில் ஆரம்பியுங்கள். ரோலர், கொதிகலன் எல்லாம் வேறு ஆளுக்குப் போகட்டும். ஒரு சின்னப் பையனை அவரோடு நிற்கவைத்து, மீட்டரைப் பையன் கையில் கொடுங்கள். அவர் கடித்துப் பார்த்துச் சொல்லட்டும், பையன் மீட்டர் பார்த்துச் சொல்லட்டும், இரண்டையும் எழுதட்டும். அறுபது வயதானவரின் கைப்பக்குவம் ஆலையை விட்டுப் போகாமல் இருக்க அதுவும் ஒரு வழி.

சம்பளத்தை இப்போதே உயர்த்திக் கொடுத்துவிடுங்கள். நன்றாகச் செய்தால் தருகிறேன் என்றால் பழையபடி உங்கள் முகத்தைப் பார்த்துதான் முடிவெடுப்பார்.

எப்போது ஆரம்பிப்பது என்பது முக்கியம். மேட்டூர் ஜூன் 12 திறந்தால் செப்டம்பர் கடைசியில் உங்களுக்குக் குறுவை வரத்து தொடங்கிவிடும். ஆடி, ஆவணியில் லாரி குறைவாக வரும்போதே ஒப்படைத்துவிடுங்கள். ஒரு லோடு தப்பினாலும் தாங்கலாம். வாசலில் இருபது லாரி நிற்கும்போது ஆரம்பித்தால் அவரும் பதறுவார், நீங்களும் பதறுவீர்கள், ராத்திரியே திரும்பப் பிடுங்கிக்கொள்வீர்கள்.